“நான் ராத்திரி மவுத்தாப் போயிருந்தேனா, உம்மா?”

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி.

மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் இருக்கிறீர்கள். ஆறு வயது மகன் ஓதப் போகும் இடத்தில், தூங்கி விழித்ததும் ஓதும் துஆவைப் (பிரார்த்தனையைப்) பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். நீங்கள் அதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்லியிருக்கிறீர்கள். “அப்படின்னா நான் ராத்திரி மவுத்தாப் போயிருந்தேனா, உம்மா?” என்று, அதாவது செத்துப்போயிருந்தேனா என்று, கேட்டவன், இரண்டு நாளாகப் படுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது என்பதுதான் உங்கள் முதல் கவலை. ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) இல்லாமல் இதை ஓதலாமா, தமிழில் சொன்னால் போதாதா, ஓதிக்கொடுப்பவர் ஹனஃபி, நாங்கள் ஷாஃபிஈ (இரண்டும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள்), அதனால் ஏதாவது மாறுமா, சுபுஹு (விடியற்காலைத் தொழுகை) தப்பிப்போய் வெயில் வந்தபின் எழுந்தாலும் ஓத வேண்டுமா, பர்மியம் பேசிப் பழகிய வாயில் அரபு சரியாக வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெரிய ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. ரங்கூன் டவுனில் ஒரு மாடிவீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவன். பிள்ளைகள் ‘ஹஜ்ரத்’ என்று கூப்பிடாமல், பள்ளிக்கூடத்துப் பர்மியப் பழக்கத்தில் ‘ஸயா’ என்றுதான் கூப்பிடும். நானும் திருத்தியதில்லை. என்னிடம் ஓதியவர்களில் பெரும்பாலோர் இந்த துஆவை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் படியிறங்கி ஓடியவர்கள். அதற்குள் மவுத் என்ற சொல் இருப்பது அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. உங்கள் பையன் காதில் விழுந்திருக்கிறது. அதைத் தப்பென்று நினைக்காதீர்கள். அந்த துஆ நிற்பதே அவன் கேட்ட இடத்தில்தான்.

துஆ இதுதான்: “அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா பஃத மா அமாதனா வஇலைஹின் நுஷூர்.” நேர் அர்த்தம்: “நம்மை மரணிக்கச் செய்த பின் உயிர்ப்பித்த அல்லாஹ்வுக்கே புகழெல்லாம். எழுப்பப்பட்டுச் செல்வதும் அவனிடமே.”

என் நன்னா (தாத்தா) இதற்கு அர்த்தம் சொல்லும்போது, “புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவன் எத்தகையவனென்றால், நம்மை மவுத்தாக்கிய பின்பு ஹயாத்தாக்கினான்” என்பார்கள். இந்த ‘எத்தகையவனென்றால்’ சந்தையிலும் வீட்டிலும் யாரும் பேசாத தமிழ். அரபியில் வரும் ‘அல்லதீ’ என்ற சொல்லுக்காக நம் ஓதல் பள்ளிகள் தனியாகத் தைத்துவைத்த சட்டை. இப்போது படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். அந்த இடத்தில் வாய் ஒரு கணம் நிற்கிறது. எத்தகையவன் என்று நம்மையே கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு பதில் சொல்வது போல இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அரபியில் ‘நா’ என்று ஒரே விகுதிதான். தமிழில் சொல்லும்போது ‘நம்மை’ என்பதா, ‘எங்களை’ என்பதா என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். அல்லாஹ்விடம் நேராகப் பேசும் துஆக்களில் ‘எங்களை’ என்பதுதான் சரி. இங்கே அவனை முன்னிறுத்தி ‘நீ’ என்று பேசவில்லை, அவனைப் பற்றிப் பேசுகிறோம். அதனால் நான் ‘நம்மை’ என்றே சொல்லிக்கொடுப்பேன். தனியாகப் படுத்து எழுந்தவன்கூட நம்மை என்கிறான். அடுத்த பாயில் கிடக்கும் தம்பியும், கீழ்வீட்டுக் கிழவியும், ராத்திரி தூங்கி எழுந்த அத்தனை பேரும் அதில் வந்துவிடுகிறார்கள்.

சரி, மவுத் எப்படி இதில் வந்தது? நாயகத்தின் தோழர் ஹுதைஃபா (ரலி) அறிவித்து, புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவான செய்தியில் இந்த துஆ தனியாக வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் படுக்கைக்குப் போகும்போது “பிஸ்மிக்க அமூத்து வஅஹ்யா” என்பார்கள், எழுந்ததும் “அல்ஹம்து லில்லாஹில்லதீ” என்று தொடங்குவார்கள் என்றுதான் இருக்கிறது. “உன் பெயரால் மரணிக்கிறேன், உயிர்க்கிறேன்” என்பது ராத்திரிப் பாதி. “மரணிக்கச் செய்தபின் உயிர்ப்பித்தவனுக்குப் புகழ்” என்பது காலைப் பாதி. அறிவிப்புக்கு அறிவிப்பு முன்பாதியின் சொற்கள் சற்று முன்பின்னாக வரும், கருத்து ஒன்றுதான். அபூதர் (ரலி) வழியாகவும் இதே ஜோடி புகாரியில் உண்டு, பராஉ இப்னு ஆஸிப் (ரலி) வழியாக முஸ்லிம் என்ற இன்னொரு தொகுப்பிலும் உண்டு. மூன்று தோழர்கள், மூவரும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். உங்கள் மகனுக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது. ராத்திரி ஒன்றும் சொல்லாமல் தூங்கிப்போனவனிடம், காலையில் திடீரென்று ‘நீ செத்துப் பிழைத்தாய்’ என்றால் அவன் பயப்படாமல் என்ன செய்வான்?

குர்ஆனில் ஸுமர் அத்தியாயத்தின் 42ஆவது வசனத்தைப் பாருங்கள். உயிர்களை அவை மரணிக்கும்போது அல்லாஹ் கைப்பற்றுகிறான், மரணிக்காதவற்றைத் தூக்கத்தில் கைப்பற்றுகிறான். எதன்மீது மரணத்தை விதித்துவிட்டானோ அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறான், மற்றதைக் குறித்த தவணை வரை விட்டுவிடுகிறான். இந்த வசனத்தில் இரண்டு வினைகளைக் கவனியுங்கள்: பிடித்து வைத்தல், விட்டுவிடுதல். இதே இரண்டும் இன்னொரு படுக்கை துஆவில் அப்படியே வருகின்றன. “என் உயிரை நீ பிடித்து வைத்துக்கொண்டால் அதற்கு இரக்கம் காட்டு, விட்டுவிட்டால் உன் நல்லடியார்களைக் காப்பது போல் அதைக் காத்துக்கொள்.” அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது, புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

அந்த ஹதீஸின் தொடக்கம் நம் ஊர் ஆட்களுக்கு ரொம்பப் பொருத்தம். படுக்குமுன் இடுப்புத் துணியின் உள்ஓரத்தால் விரிப்பைத் தட்டிவிடச் சொல்கிறார்கள், நாம் எழுந்துபோன பிறகு அதில் என்ன வந்து கிடக்கிறதென்று தெரியாதல்லவா என்று காரணமும் சொல்கிறார்கள். பர்மாவில் கைலி கட்டாத ஆண் யார்? மழைக்காலத்து ரங்கூனில் படுக்கையைத் தட்டாமல் படுத்துப் பூரானிடம் கடி வாங்கியவன் நான்.

தூக்கத்தை மரணத்தோடு சேர்த்துச் சொல்வது தமிழ்க் காதுக்குப் புதிதும் இல்லை. “உறங்குவது போலும் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு” என்ற குறளை எந்தப் பள்ளிக்கூடத்திலாவது படித்திருப்பீர்கள். நிலையாமை அதிகாரத்தில் வருவது. ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறள் விழிப்பைப் பிறப்புக்கு ஒப்பிடுகிறது. துஆ அதைப் பிறப்பு என்று சொல்லவில்லை, ‘நுஷூர்’ என்ற சொல்லில் கொண்டுபோய் முடிக்கிறது. கபுரிலிருந்து (புதைகுழியிலிருந்து) எழுப்பப்பட்டு அவன் முன் போய் நிற்பது அது.

நுஷூர் எனக்கு மிகவும் பிடித்த சொல். அதன் வேரில் விரித்துப் போடுவது, பரவுவது என்ற பொருள் இருக்கிறது. ஃபுர்கான் அத்தியாயத்தின் 47ஆவது வசனத்தில், இரவை உங்களுக்கு ஆடையாக்கினான், தூக்கத்தை ஓய்வாக்கினான், பகலை ‘நுஷூர்’ ஆக்கினான் என்று வருகிறது. அங்கே அது மஹ்ஷரை, அதாவது மறுமையில் எல்லோரும் ஒன்றுதிரட்டப்படுவதை, குறிக்கவில்லை. பொழுது விடிந்ததும் மக்கள் எழுந்து வேலை வெட்டிக்குப் பரவிப் போவதைக் குறிக்கிறது. ரங்கூன் டவுனில் விடியற்காலை மாடி முகப்பில் நின்று பார்த்தால் இந்தச் சொல் கண்ணுக்கே தெரியும். டீக்கடைக்காரன் முக்காலிகளைத் தெருவில் இறக்குவான். காவி உடுத்த பிக்குகள் பாத்திரத்தோடு வரிசையாகப் போவார்கள். மீன்காரி கூவுவாள். கொஞ்ச நேரம் முன்பு வரை கபுருஸ்தான் மாதிரி கிடந்த தெரு அது. ஒரே சொல்லை அல்லாஹ் காலைப் பொழுதுக்கும் சொன்னான், மறுமைக்கும் சொன்னான். ஷாஃபிஈகளான நமக்கு நன்றாகத் தெரிந்த இமாம் நவவீ (இறப்பு 1277), முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதைத்தான் தொடுகிறார். இங்கே மரணிக்கச் செய்தான் என்பது தூக்கத்தைத்தான், நுஷூர் என்பது மறுமையில் எழுப்புவதை, தூங்கி எழுவதைக் காட்டி மரணத்துக்குப் பின் எழுப்பப்படுவது உண்மை என்று நாயகம் (ஸல்) உணர்த்துகிறார்கள் என்கிறார்.

இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அவனிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன்.

ஒருமுறை என்னிடம் ஓதிய பையன் ஒருவனும் உங்கள் மகனைப் போலவே பயந்தான். அவன் வீடு நாலாவது மாடி. நம் டவுன் வீடுகளில் மாடி முகப்பிலிருந்து தெரு வரை கயிறு தொங்குமே, நுனியில் கிளிப்போ பையோ மாட்டி, பேப்பர்க்காரன் பேப்பரை மாட்டிவிட்டு இழுத்து மணியடிப்பானே, அதை அவனுக்குக் காட்டினேன். “பை கீழே தெருவில் கிடக்கும்போது கயிறு யார் கையில்?” என்றேன். “நன்னி கையில்” என்றான், பாட்டியைத்தான் சொன்னான். “மேலே இழுத்துக்கொண்ட பிறகு?” “அப்பவும் நன்னி கையில்தான்.” “ராத்திரி உன் ரூஹை, உன் உயிரை, அல்லாஹ் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்கிறான். காலையில் விட்டுவிடுகிறான். பகலிலும் ராத்திரியிலும் அது அவன் கையில்தான். அது எங்கேயும் தொலைந்து போகாது.” பையனுக்கு அது போதுமாக இருந்தது. அல்லாஹ்வுக்கு இப்படியெல்லாம் உவமை சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பிடி கிடைப்பதற்காகச் சொன்னது அது, அதற்கு மேல் நீட்ட வேண்டாம். உயிர் எப்படி எடுக்கப்படுகிறது, அப்போது மூச்சு மட்டும் எப்படி ஓடுகிறது என்று அவன் தோண்டினால், “அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்” என்று சொல்லி நிறுத்துங்கள். அது மழுப்பல் இல்லை. ரூஹைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் குர்ஆன் கொடுத்த பதிலும் ஏறக்குறைய அதுதான்: ரூஹ் என் இறைவனின் காரியம், உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு கொஞ்சம்தான்.

“இல்லடா, நீ சும்மா தூங்கத்தான் செய்தே, மவுத்தெல்லாம் இல்லை” என்று மட்டும் சமாதானம் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு அர்த்தம் தெரிந்ததும் உம்மா மறைத்தார்கள் என்று தோன்றும். “சின்ன மவுத், அல்லாஹ் திருப்பிக் கொடுத்துட்டான், அதுக்குத்தான் அல்ஹம்து லில்லாஹ்” என்று சொல்லுங்கள். துஆவிலும் வரிசை அப்படித்தான். மவுத் என்ற சொல் வருமுன் புகழும் வந்துவிடுகிறது, உயிர்ப்பித்ததும் வந்துவிடுகிறது. நாம் அர்த்தம் சொல்லும்போது தமிழ் வாக்கிய அமைப்பு காரணமாக ‘மரணிக்கச் செய்தபின்’ முன்னால் வந்து நிற்கிறது. பிள்ளை பயந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். “அல்ஹம்து லில்லாஹ்! நமக்கு உயிர் கொடுத்தான், தூக்கத்தில் எடுத்திருந்ததைத் திருப்பிக் கொடுத்தான்” என்று அரபியின் வரிசையிலேயே சொல்லிப் பாருங்கள்.

வெயில் வந்தபின் எழுந்தால் ஓதலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதற்கும் சேர்ந்தாற்போல ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, பையனுக்கும் கதையாகச் சொல்லலாம். கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு ராத்திரி எல்லோரும் களைத்துப் படுத்தார்கள். சுபுஹுக்கு எழுப்பும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுக்கு. அவர் தொழுதுகொண்டிருந்துவிட்டு, விடியலுக்கு முன் ஒட்டகத்தில் சாய்ந்து கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்தார், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். வெயில் சுட்ட பிறகுதான் எல்லோருக்கும் விழிப்பு. முதலில் விழித்தவர்கள் நாயகம் (ஸல்). “பிலாலே!” என்றார்கள். பிலால் சொன்ன பதிலைக் கேளுங்கள்: “உங்கள் உயிரைப் பிடித்தவன்தான் என் உயிரையும் பிடித்துவிட்டான், யா ரசூலல்லாஹ்!” காவலுக்கு வைத்த ஆள் தூங்கிவிட்டுச் சொல்கிற சமாதானம் மாதிரி தெரிந்தாலும், அது அந்த ஸுமர் வசனமேதான். நாயகம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஒளு செய்து, இகாமத் (தொழுகை தொடங்குவதற்கான அழைப்பு) சொல்லச் சொல்லி, தொழுதார்கள். தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்றார்கள். அபூகதாதா (ரலி) சொல்லும் இதுபோன்ற இன்னொரு பயண நிகழ்ச்சியில், “அல்லாஹ் நாடியபோது உங்கள் உயிர்களைக் கைப்பற்றினான், நாடியபோது திருப்பித் தந்தான்” என்றே நாயகம் சொல்கிறார்கள்.

ஆக, எப்போது விழித்தாலும் இந்த துஆ விழிப்புக்கு உரியது. சுபுஹு நேரத்தோடு அதைக் கட்டிப்போடவில்லை. தப்பிய தொழுகையை எழுந்ததும் களாச் செய்ய (ஈடாகத் தொழ) வேண்டும், அது தனிக் கடமை. அலாரம் வைக்காமலே படுத்துவிட்டு பிலால் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது வேறு விஷயம், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஒளு பற்றி. தேவையில்லை. எழுந்த வாக்கில், பாயில் இருந்தபடியே, வாய் கொப்பளிக்குமுன்னே ஓதலாம். குளிப்புக் கடமையானவரும், தொழுகை இல்லாத நாட்களில் இருக்கும் பெண்களும் ஓதலாம். நாயகம் எல்லா நேரத்திலும் அல்லாஹ்வை நினைவு கூர்வார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ விஷயமும் இதில் இல்லை. சுபுஹில் நாம் குனூத் என்ற துஆவை ஓதுவோம், அவர்கள் ஓத மாட்டார்கள், உங்கள் மகன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பான். அது தொழுகைக்குள் உள்ள வித்தியாசம். விழித்ததும் ஓதும் துஆ எல்லோருக்கும் ஒன்றுதான்.

தமிழில் சொல்லலாமா? தொழுகைக்கு வெளியே அல்லாஹ்விடம் எந்த மொழியிலும் கேட்கலாம், புகழலாம். அரபு நாக்கில் ஏறாத ஒரு முதியவர், “என்னை எழுப்பிவிட்ட ரப்புக்கே புகழ்” என்று சொல்லிவிட்டு எழுந்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை அரபியிலேயே பாடம் பண்ணட்டும், அர்த்தம் தமிழில் இருக்கட்டும். காரணம் இருக்கிறது. பராஉ (ரலி) அவர்களுக்கு நாயகம் இன்னொரு படுக்கை துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது, ‘நீ அனுப்பிய நபியை’ என்ற இடத்தில் ‘நீ அனுப்பிய ரசூலை’ என்று சொல்லிவிட்டார். “இல்லை, ‘நபியை’ என்றே சொல்” என்று திருத்தினார்கள். ரசூல் என்றாலும் பொருளில் குறைவொன்றும் இல்லை. இருந்தும் கற்றுக்கொடுத்த சொல்லே வரட்டும் என்றார்கள். சொல்லைப் பேணுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

வேறு இரண்டு துஆக்களும் உண்டு, நீங்கள் தெரிந்துகொள்ளலாம். பையனுக்கு இப்போதைக்கு வேண்டாம். திர்மிதி தொகுப்பில் வருவது: “அல்ஹம்து லில்லாஹில்லதீ ஆஃபானீ ஃபீ ஜஸதீ, வரத்த அலய்ய ரூஹீ, வஅதின லீ பிதிக்ரிஹி.” என் உடலுக்குச் சுகம் தந்து, என் ரூஹை என்னிடம் திருப்பி, தன்னை நினைக்க எனக்கு அனுமதியும் தந்தவனுக்குப் புகழ். முதல் துஆவில் ‘நம்மை’ என்றது இதில் ‘என்’ என்று ஆகிவிட்டது. நோயில் படுத்து எழுந்தவர்களுக்கு இது நெஞ்சில் இறங்கும். சென்ற வருஷம் காய்ச்சலில் பதினோரு நாள் கிடந்த பிறகுதான், ‘ஃபீ ஜஸதீ’ என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. அதற்கு முன் நாற்பது வருஷம் ஓதியிருக்கிறேன்.

மற்றொன்று நடுராத்திரியில் புரண்டு விழித்தால் ஓதுவது. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவித்து புகாரியில் இருக்கிறது. “லாஇலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக்க லஹ், லஹுல் முல்க்கு வலஹுல் ஹம்து, வஹுவ அலா குல்லி ஷைஇன் கதீர். அல்ஹம்து லில்லாஹ், வஸுப்ஹானல்லாஹ், வலாஇலாஹ இல்லல்லாஹ், வல்லாஹு அக்பர், வலா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்” என்று சொல்லி, பிறகு பாவமன்னிப்போ வேறு எதுவோ கேட்டால் அது ஏற்கப்படும், எழுந்து ஒளு செய்து தொழுதால் தொழுகையும் ஏற்கப்படும் என்று வருகிறது. ரங்கூன்காரர்களுக்கு இந்த ஹதீஸ் தினசரி வாழ்க்கை. ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ போன கரண்ட் திரும்பி வரும். அணைக்க மறந்த லைட்டெல்லாம் எரியும், ஃபேன் சுற்றும், வீடே விழிக்கும். மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஒரு ஆள் எழுந்தாக வேண்டும். தண்ணீர் ஏறும் வரை அந்த ஆளுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. என் வீட்டில் அந்த ஆள் என் மனைவி. தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) என்று தனியாக நிய்யத் (எண்ணம்) வைத்து எழுந்ததை விட, மோட்டாருக்காக எழுந்து தொழுத ராத்திரிகள்தான் அவளுக்கு அதிகம்.

எழுந்த பிறகு செய்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. தூங்கி எழுந்த கையை மூன்று முறை கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடக் கூடாது, ராத்திரி கை எங்கே இருந்ததென்று தெரியாது என்று ஹதீஸ் இருக்கிறது. தொட்டியிலோ டிரம்மிலோ தண்ணீர் பிடித்துவைத்து மொண்டு புழங்கும் வீடுகளில் இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. கையை உள்ளே விடாமல் குவளையால் மொண்டு ஊற்றிக் கழுவப் பையனைப் பழக்குங்கள். பல் துலக்குவதும், மூக்கை மூன்று முறை சிந்துவதும் சுன்னத்துதான், அதாவது நபிவழி.

பிடரியில் ஷைத்தான் போடும் மூன்று முடிச்சுகளைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், அவர்களுக்குப் பிடிக்கும். “ராத்திரி இன்னும் நீளமா இருக்கு, தூங்கு” என்று ஒவ்வொரு முடிச்சிலும் சொல்லிக் கட்டுகிறானாம். அல்லாஹ்வை நினைத்தால் ஒன்று அவிழும், ஒளு செய்தால் ஒன்று, தொழுதால் ஒன்று. எல்லாம் அவிழ்ந்தவன் சுறுசுறுப்போடும் நல்ல மனத்தோடும் காலையில் இருப்பான், இல்லாவிட்டால் சிடுசிடுப்போடும் சோம்பலோடும் இருப்பான். நீங்கள் கேட்கும் துஆ அந்த முதல் முடிச்சை அவிழ்ப்பது. இப்போது எல்லார் கையும் விழித்ததும் முதலில் போகிற இடம் தலையணைக்கடியில் இருக்கும் போன்தான். ராத்திரி கரண்ட் இருந்ததா, சார்ஜ் ஏறியதா என்று பார்ப்பதற்காவது அதை எடுத்துவிடுகிறோம். நானும் விதிவிலக்கில்லை. அலாரத்தை நிறுத்துவதற்கும் திரையைப் பார்ப்பதற்கும் நடுவில் இந்த ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

கடைசியாக உச்சரிப்பு. பர்மியத்தில் சொல்லின் கடைசியில் ‘ர்’, ‘ல்’ நிற்பதில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பர்மியம் பேசும் பிள்ளைகள் ‘நுஷூர்’ என்பதை ‘நுஷூ’ என்று விட்டுவிடுவார்கள், ‘அல்ஹம்து’வில் உள்ள ல் கரைந்து போகும். ‘அஹ்யானா’வில் ஹ் நிற்காமல் ‘அயானா’ ஆகிவிடும். ஒரு சௌகரியமும் உண்டு. நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலி பர்மியத்தில் இருக்கிறது. அதனால் ‘அல்லதீ’யில் வரும் புள்ளி வைத்த தால் இவர்களுக்குச் சுலபமாக வரும்.

நம் தமிழ்ப் பக்கத்துக் குறை வேறு. தமிழ் எழுத்தில் ‘ஹ’ ஒன்றுதான், அரபியில் இரண்டு. ‘அல்ஹம்து’விலும் ‘அஹ்யானா’விலும் வருவது தொண்டை நடுவிலிருந்து உரசி வரும் ஹா. ‘லில்லாஹி’, ‘இலைஹி’ இரண்டிலும் வருவது மென்மையான ஹா. ‘ஹம்து’வை மென்மையான ஹாவால் சொன்னால், அணைந்துபோவது, உயிரற்றுக் கிடப்பது என்ற வேறொரு வேர்ச்சொல்லின் பக்கம் போய்விடும். மழையில்லாமல் காய்ந்து கிடக்கும் பூமியை ‘ஹாமிதா’ என்று ஹஜ் அத்தியாயம் சொல்வது அந்த வேரிலிருந்துதான். நிய்யத் சரியாக இருக்கும் பிள்ளைக்கு இதனால் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் வாய் திருந்துகிற வயது இது. தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் பண்ணுவதை விட, ஓதத் தெரிந்த ஒருவர் வாயைப் பார்த்துப் பழகுவது நல்லது. நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். என் நன்னி கடிதம் எழுதியது அதில்தான், தமிழ் எழுத்து ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இந்த இரண்டு ஹாவும் குழம்பியதே இல்லை.

இன்று ராத்திரி விளக்கை அணைக்குமுன் அவனை வலது பக்கமாகப் படுக்கவைத்து, கன்னத்துக்கடியில் கையை வைக்கச் சொல்லுங்கள். நாயகம் வலது பக்கமாகப் படுப்பார்கள் என்பது பராஉ (ரலி) சொன்னது, கன்னத்துக்கடியில் கை வைப்பார்கள் என்பது ஹுதைஃபா (ரலி) சொன்னது. “பிஸ்மிக்க அமூத்து வஅஹ்யா” என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள், அவன் பின்னால் சொல்லட்டும். காலையில் அவன் முதலில் சொல்லட்டும், நீங்கள் பின்னால் சொல்லுங்கள். ‘நுஷூர்’ வரும்போது அந்த ‘ர்’ இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.